கிழங்கின் மேல் போட்ட பழி

நீலகிரியின் கேத்தி பாலாடாவில் பொழுது விடியும் முன்பே காரட் கழுவும் வேலை தொடங்கிவிடும். மண் போன காரட் மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையத்துக்கு லாரி ஏறும். சரிவுகளில் உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ், பூண்டு. இந்த மண்ணில் விளைந்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களிடம் டாக்டர் ‘எடையைக் குறைங்க’ என்று சொன்னால், மறுநாளே தட்டிலிருந்து இறங்குவது உருளைக்கிழங்கு. அடுத்து காரட், பீட்ரூட். ‘மண்ணுக்கடியில் விளைவதெல்லாம் சர்க்கரை’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். காலை டீ, பதினோரு மணி டீ, நாலு மணி டீ, கூடவே வர்க்கி எல்லாம் அப்படியே தொடரும். இரண்டு மாதம் கழித்து எடைக்கருவி அதே எண்ணைக் காட்டும்போது, ‘என் உடம்புவாகு அப்படி’ என்று முயற்சியையே விட்டுவிடுவார்கள்.

அப்படி விட்டுவிடுகிறவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம். அவர்களுக்கு மன உறுதி குறைவு என்று நான் நினைக்கவில்லை. இரண்டு மாதம் பிடித்த உணவைத் தொடாமல் இருப்பவரிடம் உறுதி இருக்கிறது. அது தவறான இடத்தில் செலவாகிறது. எடை குறைப்பு பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை உணவின் பெயரைப் பிடித்துக்கொள்கின்றன, அளவை விட்டுவிடுகின்றன. ‘இது ஏற்றும், அது கரைக்கும்’ என்று உணவுகளை இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டால், எவ்வளவு என்ற கேள்வியே எழாமல் போகிறது.

உருளைக்கிழங்கு செய்த குற்றம் என்ன?

உருளைக்கிழங்கு நீலகிரிக்கு வந்து சுமார் இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் ஐரோப்பியக் காய்கறிகளை இங்கே பயிர் செய்து பார்த்தார். 1830-களின் தொடக்கத்தில் கேத்தியிலேயே ஓர் அரசுப் பரிசோதனைப் பண்ணை இருந்தது. 1957 முதல் ஊட்டியை அடுத்த முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அதாவது நம் தாத்தாவும் அவருடைய தாத்தாவும் சாப்பிட்ட கிழங்கு இது. புதிதாக நம் தட்டுக்கு வந்ததல்ல.

வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் இருப்பது 70 முதல் 85 கலோரி. அதே எடையுள்ள வெந்த சோற்றில் சுமார் 130. கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால்தான் இந்த வித்தியாசம். காரட்டில் சுமார் 40-தான். காரட்டுக்குக் கெட்ட பெயர் வந்த வழி சுவாரசியமானது. எந்த உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதற்கு 1981-இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் முதல் பட்டியலை வெளியிட்டார்கள். அதில் காரட்டுக்குக் கிடைத்த எண் 92. பின்னால் செய்த அளவீடுகளில் அது பாதியாகக் குறைந்துவிட்டது. மேலும் அந்த எண்ணைக் கணக்கிட 50 கிராம் மாவுச்சத்துக்கு ஈடான உணவைக் கொடுக்க வேண்டும். காரட்டில் அவ்வளவு வேண்டுமென்றால் அரைக் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டியிருக்கும். பொரியலில் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. காரட்டைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். விஷயம் அவ்வளவுதான்.

கிழங்குக்குத் திரும்புவோம். 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட்டும் சக ஆய்வாளர்களும் 38 உணவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 240 கலோரி வரும் அளவைக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் பசி எப்படி இருக்கிறது என்று கால் மணிக்கு ஒருமுறை கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால், வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323 வந்தது. பட்டியலிலேயே வயிற்றை அதிக நேரம் நிறைத்து வைத்தது அதுதான். கடைசியில் நின்றது குரோசான், 47. மைதாவை அடுக்கடுக்காக மடித்து, இடையிடையே கொழுப்பு வைத்துச் சுடும் பிரெஞ்சுப் பண்டம் அது. நம் வர்க்கியும் அதே முறையில்தான் உருவாகிறது. ஒவ்வொரு உணவையும் பத்துப் பன்னிரண்டு பேர்தான் சாப்பிட்டுப் பார்த்தார்கள், ஆகவே எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அது காட்டும் திசையை உங்கள் வயிற்றிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு நடுத்தரக் கிழங்கை வேகவைத்து, உப்பும் மிளகும் தூவிச் சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது. இரண்டு வர்க்கி சாப்பிட்டால் மூன்றாவதைக் கை தேடும்.

அப்படியானால் கிழங்கு எங்கே தவறு செய்கிறது? இரண்டு இடங்களில்.

முதலாவது, எண்ணெயில். கிழங்கை மெல்லியதாகச் சீவிப் பொரித்தால் தண்ணீர் போய் அந்த இடத்தில் எண்ணெய் ஏறும். 100 கிராம் சிப்ஸில் 500 கலோரிக்கு மேல். பஜ்ஜிக்கும் இதே கதைதான். எண்ணெய் எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. செக்கு எண்ணெய், ஆலிவ் எண்ணெய், நெய் எதற்கும் விலக்கு இல்லை. வீட்டில் எண்ணெயை அளக்கச் சுலபமான வழி மாதக் கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் தீர்ந்தால், தலைக்கு ஒரு லிட்டர். தினம் சுமார் 30 கிராம், அதில் 270 கலோரி. அதை மூன்று லிட்டராகக் குறைத்தால் ஒவ்வொருவருக்கும் தினம் 65 கலோரிக்கு மேல் குறையும், யாரும் எதையும் விட்டுக்கொடுக்காமலே. தாளிப்பதை நிறுத்த வேண்டாம். பாக்கெட்டிலிருந்து நேராக ஊற்றுவதை நிறுத்தி, ஸ்பூனால் ஊற்றுங்கள்.

இரண்டாவதுதான் மலை வீடுகளில் முக்கியமானது. நாம் கிழங்கைக் காய்கறிக் கணக்கில் வைக்கிறோம். தட்டில் மலைபோல் சோறு, அதன் மேல் உருளைக்கிழங்கு போட்ட குழம்பு, ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல். மூன்றும் மாவுச்சத்து. கிழங்கைச் சோற்றுக் கணக்கில் எழுதுங்கள். கிழங்கு சமைத்த நாளில் சோறு இரண்டு கரண்டி குறையட்டும், அந்த இடத்தில் பீன்ஸோ முட்டைக்கோஸோ கீரையோ வரட்டும். கேத்தியில் இருந்துகொண்டு காய்கறி கிடைக்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

டீ டம்ளருக்குள்

இலை வெறும் நீரில் கொதித்தால் அதில் கலோரி கிட்டத்தட்ட இல்லை. கணக்கு தொடங்குவது பாலிலும் சர்க்கரையிலும். 150 மில்லி டம்ளரில் பாதி பால் என்று வைப்போம்: சுமார் 50 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை, 10 கிராம்: 40 கலோரி. ஒரு டம்ளருக்கு 90. குளிரில் ஐந்து டம்ளர் குடிப்பது இங்கே சாதாரணம், 450 கலோரி. அது ஒரு வேளைச் சாப்பாடு. ஆனால் யாரும் அதைச் சாப்பாடு என்று எண்ணுவதில்லை, ‘காலையிலிருந்து ஒண்ணுமே சாப்பிடலை, டீதான்’ என்றுதான் சொல்கிறோம். அந்த ஐந்து டம்ளரில் 50 கிராம் சர்க்கரை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சேர்க்கும் சர்க்கரையை மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்தச் சொன்னது. இருபதில் ஒரு பங்கு, அதாவது நாளுக்குச் சுமார் 25 கிராம் என்றால் இன்னும் நல்லது என்றது.

வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த மலைக்கே பெருமை. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் மைதா, சர்க்கரை, கொழுப்பு மூன்றும் சேர்ந்த பண்டம் அது. 25 கிராம் வர்க்கி ஒன்று 100 கலோரிக்குக் குறையாது. தினம் டீக்கு இரண்டு என்றிருந்ததை ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு என்று மாற்றிக்கொண்டால் வாரத்துக்கு ஆயிரம் கலோரிக்கு மேல் மிச்சம். கிழங்கை முழுவதுமாக விட்டாலும் இவ்வளவு மிச்சமாவது சந்தேகம்.

சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தியவர்கள் பலர் இரண்டு வாரத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு ஸ்பூன் ஒன்றரை ஆகட்டும். பதினைந்து நாள் கழித்து ஒன்று. நாக்கு பழகிக்கொள்ளும். ஐந்து டம்ளரில் இரண்டைக் கட்டன் சாயாவாக மாற்றலாம். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டிக்கு மாறினால் எடை குறையும் என்பது வீண் நம்பிக்கை. அவையும் கிராமுக்குக் கிட்டத்தட்ட நாலு கலோரிதான்.

சோறு, சப்பாத்தி, ராகி

‘எனக்குச் சோறு வேண்டாம்மா, மூணு சப்பாத்தி போடுங்க’ என்பது இன்று பல வீடுகளில் இரவு கேட்கும் குரல். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலின்படி, 100 கிராம் பச்சரிசியில் சுமார் 356 கலோரி, சாமையில் 346, ராகியிலும் கோதுமை மாவிலும் சுமார் 320. பெரிய வித்தியாசம் எங்கே இருக்கிறது? மூன்று சப்பாத்திக்கு 90 கிராம் மாவு, 290 கலோரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவினால் இன்னும் 120 சேரும். 300 கிராம் வெந்த சோறு, அதாவது ஒரு நல்ல தட்டுச் சோறு, 390. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. சப்பாத்தியில் ஒரு நன்மை உண்டு. அதை எண்ணலாம். ‘மூன்று’ என்று சொன்னால் மூன்றுதான். சோற்றை யாரும் எண்ணுவதில்லை, அம்மா கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். சப்பாத்திக்கு மாறிச் சிலருக்கு எடை குறைந்ததற்குக் காரணம் இந்த எண்ணிக்கைதான். அப்படியென்றால் சோற்றையும் எண்ணலாமே? ஒரே குழிக்கரண்டியால், இத்தனை கரண்டி என்று. சோறு பிடித்தவர்கள் சோறே சாப்பிடுங்கள்.

ராகி, சாமை பற்றி நான் கொஞ்சம் கூடவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது இந்த மலையின் பழைய உணவு. படுகர் ஊர்களில் அரிசி அன்றாடமாவதற்கு முன்பு ராகியும் சாமையும் கோரலி என்ற சிறுதானியமும்தான் வயிற்றை நிரப்பின. ராகிக் களியோடு அவரை போட்ட ‘உதக்க’ என்ற குழம்பு. அதில் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருந்தன. ராகியில் 100 கிராமுக்கு 11 கிராம் நார்ச்சத்து, பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. அவரையில் புரதம். நார்ச்சத்தும் புரதமும் பசியை நீண்ட நேரம் தள்ளிப்போடும். இன்று ‘சிறுதானியம் எடையைக் குறைக்கும்’ என்ற பேச்சை நம்பி வாங்கும் ராகி, பாக்கெட்டில் பிஸ்கட்டாக, சத்துமாவுக் கஞ்சியாக, வெல்லம் போட்ட உருண்டையாக வருகிறது. களியில் இருந்த அளவு நார் பெரும்பாலும் அதில் இருக்காது, பக்கத்தில் அவரையும் இல்லை. மாவை நீர்க்கக் கரைத்துக் குடிப்பதும் களியாகக் கிளறிச் சாப்பிடுவதும் பசிக்கு ஒன்றல்ல. தானியத்தின் பெயரை மட்டும் கடன் வாங்காமல், அது வந்த சாப்பாட்டையே திரும்பக் கொண்டுவந்தால் பயன் உண்டு. தட்டில் அவரை, பட்டாணி, பருப்பு, முட்டை இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். எடை குறைப்பவர்கள் பசியால்தான் தோற்கிறார்கள், பசியைத் தாங்க வைப்பது இவை.

கரைக்கும் பொருட்கள்

தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீர், கொள்ளு ரசம், கிரீன் டீ, சீரகத் தண்ணீர். எல்லாவற்றுக்கும் ‘கொழுப்பைக் கரைக்கும்’ என்ற ஒரே வாக்குறுதி. உடம்புக் கொழுப்பு எதிலும் கரைவதில்லை. சாப்பிடுவதைவிடச் செலவு கூடும்போது உடம்பு அதை எடுத்து எரிக்கிறது. வெந்நீர் வயிற்றுக்குள் போன கொஞ்ச நேரத்தில் உடம்பின் வெப்பத்துக்கே வந்துவிடும். அதில் கலக்கும் ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. குளிர்காலையில் வெந்நீர் இதமானது, குடியுங்கள். தேன் இல்லாமல்.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியை நான் மதிக்கிறேன். கொள்ளில் 100 கிராமுக்கு 21 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. நார்ச்சத்தும் நிறைய. அதே சமயம் 330 கலோரியும் உண்டு. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கொள்ளுச் சுண்டல் வந்தால் பழமொழி பலிக்கும். வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் கொள்ளும் சேர்ந்தால் எடை கூடத்தான் செய்யும்.

கிரீன் டீ நம் தோட்டங்களிலேயே தயாராவதால் இங்கே அதன் மேல் நம்பிக்கை கூடுதல். 2012-இல் காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கிரீன் டீ தயாரிப்புகளால் குறைந்த எடை மிகச் சிறியது, மருத்துவ ரீதியாகப் பொருட்படுத்தும் அளவு அல்ல என்பது முடிவு. சர்க்கரை போட்ட பால் டீக்குப் பதிலாகக் குடித்தால் லாபம் உண்டு. அந்த லாபம் பாலும் சர்க்கரையும் போனதால் வருவது. கிரீன் டீ சாற்றை அடர்த்தியாக்கிய மாத்திரைகள் வேறு விஷயம். அவற்றை அதிக அளவில் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது.

பெயர் தெரியாத பொடி, ‘மூலிகைக் காப்ஸ்யூல்’ விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வாங்காதீர்கள். சிபுட்ராமின் என்ற பசியடக்கும் மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-11-இல் பல நாடுகளில் விலக்கப்பட்டது, இந்தியாவிலும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் உலகின் பல இடங்களில் ‘இயற்கை’ என்று விற்ற மெலிவுப் பொடிகளில் அதைக் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு பொடி பத்தே நாளில் பசியை அடியோடு எடுத்துவிட்டால் சந்தோஷப்பட வேண்டாம், பயப்பட வேண்டும்.

குளிருக்காகச் சாப்பிடுவது

‘இந்தக் குளிருக்கு நல்லா சாப்பிடணும்’ என்பதை வேறு ஊர்க்காரர்களிடம் கேட்க முடியாது. இது நம்முடையது. டிசம்பர், ஜனவரியில் பள்ளத்தாக்கில் உறைபனி விழும்போது பசி கூடுவதும் உண்மைதான். ஆனால் ஸ்வெட்டர், கம்பளி, மூடிய கதவு, சூடான அடுப்படி இவற்றுக்குள் இருக்கும் உடம்பு குளிருக்காகக் கூடுதலாகச் செலவழிப்பது கொஞ்சமே. நடுங்கும்போதுதான் செலவு ஏறும், நடுங்கும்வரை யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

பழைய தலைமுறை நிறையச் சாப்பிட்டது, குளிர் அதற்கு முக்கியக் காரணமல்ல. சரிவில் மண் கொத்தினார்கள், கிழங்கு மூட்டையைத் தோளில் சுமந்து ரோடு வரை ஏறினார்கள், விறகும் தண்ணீரும் சுமந்தார்கள், ஊர்விட்டு ஊர் நடந்தார்கள். இன்று மூட்டையை ஜீப் ஏற்றுகிறது, எல்லநள்ளிக்கு மினி பஸ் போகிறது, தண்ணீர் குழாயில் வருகிறது. வேலை குறைந்தது நல்லதுதான், அந்தப் பாரத்தை யாரும் திரும்பச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் தட்டின் அளவு மட்டும் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டது. இந்த மலையில் நடந்த உண்மையான மாற்றம் இது, உருளைக்கிழங்கின் மேல் போட்ட பழியும் இதை மறைக்கத்தான் உதவுகிறது. நடைக்கு இங்கே தனி மைதானம் தேவையில்லை. ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி மேட்டில் ஏறினால், சமவெளியில் அதே தூரம் நடப்பதைவிட அதிகம் செலவாகும். வியர்க்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். வியர்வையில் போவது நீர், அது அடுத்த டம்ளரில் திரும்பி வரும்.

எதை அளப்பது, எப்போது நிறுத்துவது

ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினம் 400, 500 குறைத்தால் மாதம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. முதல் வாரத்தில் வேகமாக இறங்குவதில் பெரும்பகுதி நீர், அதைப் பார்த்து அடுத்த வாரமும் எதிர்பார்க்காதீர்கள். வாரம் ஒருமுறை, காலையில், ஒரே கருவியில் எடை பாருங்கள். அதைவிட இடுப்புச் சுற்றளவு முக்கியம். ஆசியர்களுக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. எல்லை. எடை சரியாக இருப்பவர்களும் இதை அளக்க வேண்டும். பூனாவின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்களையே அளந்து காட்டினார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்பு எவ்வளவு கொழுப்பைச் சேர்த்துவைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நீங்கள் சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், இந்த அத்தியாயத்தில் எதையும் தொடங்கும் முன் டாக்டரைப் பாருங்கள். சாப்பாடு குறைந்து மருந்து குறையாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, பார்வை மங்கல் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. அதற்கும் சரியாகவில்லை என்றால், தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல், வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.